வளைவில் சிஎன்சி ரவுட்டர் திக்குகிறதா? ஜிஆர்பிஎல் (மெஷினின் போர்டில் ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு

சேலத்தில் எங்களுக்கு அதிகம் வருவது பூஜையறைக் கதவு வேலை. நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும் மெஷின், மாங்காய் டிசைனின் வால் வந்ததும் உதறும். தேக்கில் பார்த்தால் வளைவு நெடுகப் பொட்டுப் பொட்டாகக் கருகல். மோட்டாரை மாற்றச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள், முதலில் ஜி-கோடை, அதாவது மெஷினை நகர்த்தும் கட்டளை வரிகளைப் பாருங்கள்.

1. ஃபைலை நோட்பேடில் திறங்கள். வளைவு வரும் இடத்தில் ஜி1 (நேர்கோட்டு நகர்வு) வரிகளாகவே குவிந்து, ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. மட்டும் நகர்ந்தால் கோளாறு அங்கேதான்.

கணக்குப் போடுங்கள். ஃபீட் (வெட்டும் வேகம்) நிமிடத்துக்கு 1500 மி.மீ. என்றால் நொடிக்கு 25 மி.மீ., அதாவது 500 வரி. வரிக்கு 25 எழுத்து வந்தால் நொடிக்கு 12,500 எழுத்து. கம்ப்யூட்டரிலிருந்து போர்டுக்கு 115200 பாட் வேகத்தில் போவதோ நொடிக்கு 11,520தான். போர்டு அடுத்த வரிக்காகக் காத்துக்கிடக்கும். இன்னொன்றும் உண்டு: ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் சுமார் 16 வரிதான் முன்னால் பார்க்கும், அதன் முடிவில் நிற்க முடிகிற வேகத்தைத் தாண்டாது. 16 வரி இங்கே வெறும் 0.8 மி.மீ. ஆக்சிலரேஷன் (வேகம் கூடிக் குறையும் வீதம்) 200 மி.மீ./நொடி² என்றால் நொடிக்கு 25 மி.மீ. வேகத்திலிருந்து நிற்கவே 1.5 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

2. ஃப்யூஷனில் (டிசைனை வெட்டும் பாதையாக்கும் மென்பொருள்) ‘ஸ்மூத்திங்’கை டிக் செய்து, டாலரன்ஸ் (பாதை எவ்வளவு விலகலாம் என்ற அளவு), ஸ்மூத்திங் டாலரன்ஸ் இரண்டையும் 0.01 மி.மீ. வைத்து மறுபடி போஸ்ட் எடுங்கள், அதாவது ஜி-கோடு ஃபைலை உருவாக்குங்கள். ஜி1 குவியல் போய் ஜி2, ஜி3 என்ற வில் கட்டளைகள் வரும். 20 மி.மீ. ஆரமுள்ள வில் ஒரே வரி. போர்டு அதை $12 (ஜிஆர்பிஎல்லில் வில்லுக்கான டாலரன்ஸ் செட்டிங்) மதிப்பான 0.002-க்கு ஏற்ப ஏறக்குறைய 0.56 மி.மீ. துண்டுகளாக உள்ளேயே வெட்டிக்கொள்ளும். 16 துண்டுக்கு 9 மி.மீ. பார்வை கிடைத்துவிடும்.

3. இன்னும் இழுத்தால் $11-ஐ (திருப்பத்தில் எவ்வளவு வேகம் என்பதைத் தீர்மானிக்கும் செட்டிங்) 0.01-லிருந்து 0.02 ஆக்குங்கள். பாதை மாறாது, திருப்பத்தில் வேகம் மட்டும் கூடும். எக்ஸ், ஒய் ஆக்சிலரேஷனான $120, $121-ஐ அதற்குப் பிறகு தொடுங்கள். மோட்டார் ஸ்டெப் தவறி இடம் விலகினால் உடனே குறைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து ஜி-கோடு அனுப்பும் மென்பொருள்களில் எனக்கு யுஜிஎஸ்தான் (யுனிவர்சல் ஜி-கோட் சென்டர்) பிடிக்கும். எந்தக் கட்டளையில் எர்ரர் என்று கன்சோலில் அப்படியே காட்டிவிடும்.

சேர்த்தது: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு அச்சு வெட்டும் நண்பருக்கு இரண்டாம் படிக்குப் பிறகு ‘எர்ரர் 33’ வந்திருக்கிறது. பொடி வில்களில் எண்களின் தசம இடங்களைக் குறைக்கும்போது வில்லின் மையம் பொருந்தாமல் போவதால் வருவது. போஸ்ட் புராசஸரில் (பாதையை ஜி-கோடாக எழுதும் பகுதி) தசம இடத்தைக் கூட்டுங்கள், வில்லின் குறைந்தபட்ச ஆரத்தையும் ஏற்றுங்கள்.

சாமி உருவம் போன்ற புடைப்பு வேலைக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. இசட் அச்சு (மேல்-கீழ் நகர்வு) ஓயாமல் ஏறி இறங்குவதால் வில் அமையாது. அதற்கு டாலரன்ஸை 0.03 வரை தளர்த்துங்கள். போதவில்லையென்றால் 32 பிட் போர்டுக்கு மாறுங்கள்.