மருந்துவாழ் மலையில் உட்கார்ந்து நிலக்காட்சி வரைய

நாகர்கோவில் பக்கம் இருபது வருடம் விளம்பரப் பலகை எழுதினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை மருந்துவாழ் மலைக்குக் கூட்டிப்போய் நிலக்காட்சி வரையச் சொல்லித் தருகிறேன். எங்களுக்குப் பாடம் ஒரே படம்தான்: அமெரிக்க ஓவியர் தாமஸ் கோல் 1836-ல் வரைந்த 'ஆக்ஸ்போ'. மாட்டின் கழுத்தில் பூட்டும் வளைந்த கட்டையைப் போல கனெக்டிகட் ஆறு வளைந்து ஓடுவதை, ஹோலியோக் மலை மேலிருந்து பார்த்து வரைந்தது. இடப்பக்கம் முறிந்த மரம், கறுத்த மேகம், காடு. வலப்பக்கம் வெயிலில் கிடக்கும் வயல்.

காடும் வயலும் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்தானே நமதும்!

மழை பெய்த மறுநாள் போங்கள். தூசி அடங்கி, தூரத்து மலை மடிப்புகள் தெளிவாகத் தெரியும். பாறை வழுக்கும், பார்த்து ஏறுங்கள். வெயில் ஏறுமுன் உச்சிக்குப் பக்கத்தில் மேற்கு பார்த்து உட்கார வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இடக்கைப் பக்கம் கடல், நடுவில் குளங்களும் வயலும் தென்னந்தோப்பும், வலப்பக்கம் தூரத்தில் மேற்குத்தொடர்ச்சி மலை. கோலுக்கு இடப்பக்கம் இருந்த காடு நமக்கு வலப்பக்கம் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2பி பென்சில், ஒரு நோட்டு போதும். வண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

முதலில் தாளின் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு ஒரு சரிவுக் கோடு, அழுத்தாமல். 'ஆக்ஸ்போ' முழுக்க அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. கோட்டின் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் உழுத நிலம். நமக்கு வலது மேலிருந்து இடது கீழாக இறக்க வேண்டும். தொடுவானத்தைத் தாளின் பாதிக்கு மேலே வையுங்கள். உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்பது அதில்தான் தெரியும்.

அப்புறம் முன்னால் இருக்கும் ஒரு பாறை, ஒரு செடி. இங்கே அவசரப்படாதீர்கள். கோலின் மாணவர் பிரெடரிக் சர்ச் 1859-ல் 'ஆண்டிஸின் இதயம்' படத்தை நியூயார்க்கில் வைத்தபோது, ஜனங்கள் 25 சென்ட் கொடுத்து உள்ளே போய் சின்ன தொலைநோக்கியால் இலைகளைப் பார்த்தார்கள். பத்தடி அகலப் படத்திலும் கிட்டத்துச் செடி இன்ன செடி என்று தெரிய வேண்டும் என்று நினைத்தவர் அவர். எருக்கு என்றால் எருக்காகவே இருக்கட்டும். தூரத்து மலைக்கு விவரமே வேண்டாம். வெளிப்புறக் கோடு மட்டும், தூரம் போகப்போக மெலிதாக.

ஒவ்வொரு இடத்திலும் நிறத்தை எழுதி வையுங்கள்: 'கதிர் முற்றிய மஞ்சள்', 'குளம், ஈயப் பாத்திர நிறம்'. கோலும் வெளியில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வண்ணத்தை ஓவியக்கூடத்தில்தான் பூசினார். அற்ப விவரங்கள் நினைவிலிருந்து விலகக் கொஞ்ச காலம் காத்திருப்பது அவர் வழக்கம். நான் குறிப்பு எழுதாமல் இறங்கிய முதல் தடவை, வீட்டில் எல்லா வயலையும் ஒரே பச்சையாக அடித்துவிட்டேன். நான் பார்த்த காலை அதில் இல்லை. இப்போது பிள்ளைகளை இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறேன்.

வண்ணத்தைத் தூரத்திலிருந்து தொடங்குங்கள்: வானம், வெளிறிய நீலத்தில் மலை, பிறகு வயல், கடைசியில் கிட்டத்துப் பாறையின் கருமை.

மனிதரை மறக்காதீர்கள். கோல் தன்னையே தொப்பியோடு, விரற்கடை அளவில், புதருக்கு நடுவே வரைந்திருக்கிறார். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கப் படங்கள் பலவற்றில் காடு ஆளில்லாத இடமாகவே இருக்கிறது. அங்கே பரம்பரையாக வாழ்ந்த பூர்வகுடிகள் படத்துக்கு வெளியே போய்விட்டார்கள். எனக்கு அது பெரிய குறை. பேச்சிப்பாறைக் காட்டில் காணி என்னும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போய் வரையும்போது அவர்களிடம் கேட்டு, வீட்டையும் பாதையையும் சேர்த்தே வரையுங்கள்.