அப்ரெண்டிஸ் வருஷத்தில் கையில் படிய வேண்டிய முதல் வேலை: டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் ஒயரிங்

ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு (தமிழில் ‘மின்பணியாளர்’ என்பார்கள்) கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு மில்லிலோ பம்ப் கம்பெனியிலோ அப்ரெண்டிஸாகச் சேர்ந்திருக்கிறீர்களா? இது உங்களுக்குத்தான். உங்களை எடுத்தது யாரும் காட்டிய கருணை இல்லை. 1961-ம் வருஷத் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் எடுத்த பிறகு சொல்லிக் கொடுப்பது அங்கே இருக்கும் சீனியர் அண்ணன்களின் மனசைப் பொறுத்தது. ஏணி பிடித்தும் டீ வாங்கியும் வருஷம் ஓடிவிடும்.

அதனால் நீங்களே போய்க் கேளுங்கள்: “அண்ணா, ஸ்கிராப்பில கிடக்கற பழைய ஸ்டார்ட்டர் ஒண்ணு எடுத்துக்கட்டுங்களா?” யாரும் மறுக்க மாட்டார்கள். டி.ஓ.எல். என்றால் டைரக்ட் ஆன் லைன், அதாவது லைன் கரண்டை நேராக மோட்டாருக்குக் கொடுத்து ஓட்டும் ஸ்டார்ட்டர். அது ஒன்றைக் கழற்றி மாட்டத் தெரிந்தால், பெரிய பேனலைத் திறந்தாலும் பயம் வராது.

படி 1: கரண்ட் இல்லாமல் படித்துப் பாருங்கள்

மூடியைத் திறந்தால் உள்ளே மேலே காண்டாக்டர் (காயில் இழுத்தால் மூடும் சுவிட்ச்), கீழே ஓவர்லோடு ரிலே (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது). மூடியில் பச்சை பட்டன், சிவப்பு பட்டன். மல்டிமீட்டரை பஸ்ஸரில் வையுங்கள், இணைப்பு இருந்தால் அது கத்தும். பச்சையின் இரண்டு முனையில் வைத்தால் சத்தம் வராது, அழுத்தினால் கத்தும், அது என்.ஓ. (நார்மலி ஓப்பன்). சிவப்பு நேர் எதிர்: சும்மா இருக்கும்போது கத்தும், அழுத்தினால் அடங்கும், அது என்.சி. (நார்மலி க்ளோஸ்டு). ரிலேயில் 95, 96 என்று எண் போட்ட முனைகள் கத்த வேண்டும். காண்டாக்டரின் நடுக்கட்டையை விரலால் உள்ளே தள்ளினால் 13, 14 கத்தும். ஏ1, ஏ2 காயிலின் முனைகள். அதை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள், அறுந்த காயில் என்றால் மீட்டர் எதுவும் காட்டாது.

காயிலின் மேல் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அதைப் படிக்காமல் ஒயரைத் தொடவே தொடாதீர்கள். நான் ஒரு 230 வோல்ட் காயிலுக்கு ரெண்டு ஃபேஸ் கொடுத்து, 415-ல் அது புகைந்ததைப் பார்த்தவன். அந்த வார்னிஷ் வாசனை சாயங்காலம் வரை சட்டையில் இருந்தது.

படி 2: லைன் செத்துவிட்டதா என்று நிச்சயம் செய்வது

இதை மெதுவாகப் படியுங்கள். மெயினை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. ஃபியூஸைக் கழற்றி உங்கள் பாக்கெட்டில் போடுங்கள், பூட்டு வசதி இருந்தால் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள். “வேலை நடக்கிறது” என்று அட்டையும் தொங்கவிடுங்கள்.

பிறகு சோதனை. முதலில் மீட்டரை, கரண்ட் இருப்பது தெரிந்த ஒரு பிளக்கில் வைத்துப் பாருங்கள். மீட்டர் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பின் உங்கள் லைனுக்கு வாருங்கள் (மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர்): ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர், அப்புறம் மூன்றையும் தனித்தனியாக எர்த்துக்கு. எல்லாம் பூஜ்யமா? மறுபடியும் அந்தப் பிளக்குக்குப் போய், மீட்டர் நடுவில் உயிரை விட்டுவிடவில்லையே என்று பாருங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். காய்ந்த மரப்பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்றால் கரண்ட் இருந்தும் அது எரியாமல் போகலாம்.

இவ்வளவு எதற்கு என்றால், என் ரெண்டாவது மாதத்தில் சுவிட்சின் கைப்பிடி ஆஃப் என்றுதான் காட்டியது. நான் ஆர் ஃபேஸை மட்டும் டெஸ்டரில் தொட்டுப் பார்த்தேன், எரியவில்லை. உள்ளே பி ஃபேஸ் பிளேடு மட்டும் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனி பாடியில் உரசி, ஒரு நீல வெளிச்சம். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நுனியில் அரிசி அளவு உருகிப் போன அந்த ஸ்க்ரூ டிரைவர் இன்னும் என் பையில் இருக்கிறது.

படி 3: பவர் ஒயரிங்

இது சுலபம். மூன்று ஃபேஸும் காண்டாக்டரின் 1, 3, 5-ல் ஏறும். 2, 4, 6-ல் இறங்கி, ரிலே வழியாக மோட்டாருக்குப் போகும். ஒவ்வொரு ஒயருக்கும் அளவான லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து, கிரிம்ப் செய்து (அழுத்திப் பிடிக்க வைத்து), டைட் செய்த பின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். லூஸ் கனெக்‌ஷன்தான் சூடாகிக் கருகும். மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் கொடுக்க வேண்டும், ஒன்று போதாது.

படி 4: கண்ட்ரோல் ஒயரிங்

ஒரு ஃபேஸில் ஆரம்பித்து விரலால் தொடர்ந்து வாருங்கள்: ரிலேயின் 95, 96, அங்கிருந்து சிவப்பு பட்டன், அங்கிருந்து பச்சை பட்டன், அங்கிருந்து ஏ1. ஏ2-க்கு, காயில் 415 என்றால் இன்னொரு ஃபேஸ், 230 என்றால் நியூட்ரல். இப்போது 13, 14-ஐப் பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டில், அதன் ரெண்டு முனையிலும் சேருங்கள். இதைத்தான் ஹோல்டிங் என்கிறோம். பச்சையை அழுத்தினால் காயில் இழுக்கும், இழுத்ததும் 13, 14 மூடும். நீங்கள் கையை எடுத்தாலும் கரண்ட் அந்தப் பக்கவழியில் காயிலுக்கு வந்துகொண்டே இருக்கும்.

கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாது, யாராவது பச்சையை அழுத்த வேண்டும். தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு, ராத்திரி த்ரீ ஃபேஸ் வந்ததும் தானே ஓடட்டும் என்று நம் ஊரில் ஆட்டோ சுவிட்ச் மாட்டுகிறார்கள். மில்லில் யாராவது அதைக் கேட்டால் செய்து கொடுக்காதீர்கள். கரண்ட் இல்லாத நேரத்தில்தான் ஆட்கள் மெஷினுக்குள் கையை விட்டுப் பஞ்சு எடுப்பார்கள்.

படி 5: கரண்ட் கொடுக்கும் முன்

500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்ட வேண்டாம், ஈரம் ஏறியிருக்கும். ரிலேயை மோட்டாரின் நேம் பிளேட்டில் இருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள், 5 எச்.பி. என்றால் ஏறக்குறைய ஏழரை. அடிக்கடி ட்ரிப் ஆகிறதே என்று ரிலேயை ஏற்றி வைக்கும் கெட்ட பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அதற்குப் பலியாவது வைண்டிங்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

முதலில் மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, காண்டாக்டர் இழுக்கிறதா விடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு மெயினைத் திரும்ப நிறுத்தி, லைன் செத்ததைச் சோதித்து, மோட்டாரைச் சேர்த்து ஒரு நொடி தட்டி விடுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால், மறுபடி நிறுத்திச் சோதித்துவிட்டு ஏதாவது ரெண்டு ஃபேஸை மாற்றிப் போட்டால் போதும். ஓடும்போது டங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) மூன்று ஃபேஸும் கிட்டத்தட்ட ஒரே ஆம்பியர் காட்ட வேண்டும்.

அழுத்தும் வரை ஓடி, கையை எடுத்ததும் நின்றால் ஹோல்டிங் ஒயரைப் பாருங்கள். சிவப்பை அழுத்தியும் நிற்காவிட்டால் ஹோல்டிங்கை சிவப்புக்கும் முன்னாலிருந்து எடுத்துவிட்டீர்கள். ம்ம்ம் என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் ஒரு ஃபேஸ் வரவில்லை, உடனே நிறுத்துங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு, கூட இருக்கும் அப்ரெண்டிஸிடம் சொல்லி, கரண்ட் இல்லாதபோது உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஒரு கண்ட்ரோல் ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மீட்டரை மட்டும் வைத்துக் கண்டுபிடியுங்கள். அடுத்த நாள் அவர் முறை. எங்கள் பேட்ச்சில் தோற்றவர்தான் டீ வாங்கினார்.