கோயிலை 'ரொட்டேட்' பண்ண முடியாது

மாலை வகுப்பில், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி கோயிலுக்குப் போனதைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார். நான்காவது வரி இப்படி இருந்தது: 'வீ ரொட்டேட்டட் த டெம்பிள் த்ரீ டைம்ஸ்.' அதாவது கோபுரம், கொடிமரம், மதில் சுவரோடு கோயிலையே பிடித்து அவர் குடும்பம் மூன்று தடவை திருப்பிவிட்டது. வகுப்பே சிரித்தது, அவரும் சேர்ந்துதான் சிரித்தார். "அப்போ என்ன எழுதணும் மிஸ்?" என்று கேட்டதும், சிரித்தவர்களில் பாதிப் பேர் 'ரிவால்வ்' என்றார்கள். அதுவும் இல்லை.

குழப்பத்தின் வேர் நம்முடைய 'சுற்று'தான். பூமி சுற்றுகிறது, ஃபேன் சுற்றுகிறது, தலை சுற்றுகிறது. ஊரைச் சுற்றுகிறோம், பொட்டலத்துக்கு நூல் சுற்றுகிறோம், பஸ் சுற்றிக்கொண்டு போகிறது. எல்லாம் ஒரே சொல். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல். பள்ளிக்கூடத்தில் ரொட்டேட்டை முதலில் படித்துவிட்டதால் எல்லா இடத்துக்கும் அதையே அனுப்பிவைக்கிறோம்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன்னால், அந்தச் 'சுற்று'க்குத் தமிழிலேயே இன்னும் துல்லியமான சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சுழல், உருள், சுருட்டு, திருகு, முறுக்கு, திருப்பு, கலக்கு, வட்டமிடு என்று எத்தனையோ இருக்கின்றன. அது பிடிபட்டால் ஆங்கிலம் பாதி வந்த மாதிரி.

பூமியையே எடுத்துக்கொள்வோம். அது தன் அச்சில் சுழல்கிறது, இது ரொட்டேட். ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் ஆகிறது. சூரியனைச் சுற்றி வருகிறது, இது ரிவால்வ். அதற்கு 365 நாளும் ஏறக்குறைய கால் நாளும் ஆகும். தன்னைத் தானே சுற்றினால் ஒன்று, இன்னொன்றைச் சுற்றினால் மற்றது. சந்திரனுக்கு இந்த இரண்டுக்கும் ஒரே கால அளவு, சுமார் 27.3 நாள். அதனால்தான் அதன் ஒரே முகத்தை எப்போதும் பார்க்கிறோம். 'சந்திரன் ரொட்டேட் ஆவதில்லை' என்று சிலர் எழுதுவதும் அதனால்தான், அது தவறு.

ஆனால் இந்த விதியை அறிவியல் பாடத்துக்கு வெளியே இரும்புப் பிடியாகப் பிடிக்க வேண்டாம். பெரிய ஹோட்டல் வாசலில் சுழலும் கதவு நடுத்தண்டில் தன்னைத் தானேதான் சுற்றுகிறது. 1888-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அந்தக் கதவுக்குப் பெயர் என்னவோ 'ரிவால்விங் டோர்'. ரிவால்வர் துப்பாக்கியின் உருளையும் அப்படியே. மோட்டார்மேல் எழுதியிருக்கும் ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கில், உள்ள 'ஆர்' ரொட்டேஷன் இல்லை, ரெவல்யூஷன். முழுச் சுற்றுகளை எண்ணும்போது ஆங்கிலம் அப்படித்தான் சொல்லும்.

சரி, கோயில் பிராகாரத்துக்குத் திரும்புவோம். நாம் நடந்து போய்ச் சுற்றுகிறோம் என்றால் 'வாக் அரவுண்ட்' அல்லது 'கோ அரவுண்ட்' போதும். 'வீ வாக்ட் அரவுண்ட் த டெம்பிள் த்ரீ டைம்ஸ்.' திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அதற்கும் இதே சொல்தான். சுற்றுலா வழிகாட்டிகளில் 'சர்க்கம்ஆம்புலேட்' என்று ஒரு சொல் வரும். பொருள் சரிதான், ஆனால் பேச்சில் யாரும் சொல்வதில்லை. அங்கப்பிரதட்சிணத்துக்கு ரோல், ஏனென்றால் அங்கே உருள்கிறோம். கழுகு மேலே வட்டமிட்டால் சர்க்கிள். செயற்கைக்கோள் என்றால் ஆர்பிட்.

சாவி, ஸ்டீயரிங், கேஸ் அடுப்பின் குமிழ் ஆகியவற்றுக்கு நம் ஆட்கள் ரொட்டேட் போட்டால் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் மெக்கானிக் கையேடு பேசுகிற மாதிரி இருக்கும். வீட்டில் இவற்றைத் திருப்புகிறோம், அதனால் டர்ன். 'டர்ன் த கீ' என்றால் முடிந்தது. பாட்டில் மூடியைத் திருகுகிறோம், அதற்கு ட்விஸ்ட். போனில் படுத்துக் கிடக்கும் போட்டோவை நிமிர்த்த மட்டும் ரொட்டேட். பட்டனிலேயே அப்படித்தான் போட்டிருக்கும். டம்ளரில் சர்க்கரை போட்டு ஸ்பூனால் சுற்றுவது ஸ்டர். 'ரொட்டேட் த காபி' என்று ஒருவர் எழுதியதையும் பார்த்திருக்கிறேன்.

தலைசுற்றலில் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் இது டாக்டரிடம் சொல்கிற விஷயம். 'மை ஹெட் இஸ் ரொட்டேட்டிங்' என்றால் கழுத்தின்மேல் தலை திரும்பிக்கொண்டிருக்கிறது என்று ஆகும். பொதுவாகச் சொல்ல 'ஐ ஃபீல் டிஸ்ஸி' போதும். ஆனால் டாக்டர் அடுத்து கேட்பது, அறையே சுற்றுகிற மாதிரி இருக்கிறதா, இல்லை கண் இருட்டிக்கொண்டு மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறதா என்பதுதான். முதலாவதற்கு 'த ரூம் இஸ் ஸ்பின்னிங்', இரண்டாவதற்கு 'ஐ ஃபீல் லைட்ஹெடட்'. இரண்டுக்கும் காரணங்கள் வேறாக இருக்கலாம். முதல் வகை பல சமயம் உட்காதில் இருந்து வருகிறது. நாம் இரண்டையும் 'கிறுகிறுன்னு வருது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

ஸ்பின் என்றால் வேகமான சுழற்சி. பம்பரம், வாஷிங் மெஷின், அஸ்வின் போட்ட பந்து எல்லாம் இதில் அடங்கும். இந்தச் சொல்லின் பழைய பொருள் நூல் நூற்பது, ஸ்பின்னிங் மில் என்ற பெயர் அதில் இருந்து வந்ததுதான். இறந்த காலம் 'ஸ்பன்'. 'ஸ்பின்ட்' என்று ஒன்று கிடையாது.

கிரிக்கெட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வர்ணனையில் 'ரொட்டேட் த ஸ்ட்ரைக்' என்பார்கள். அங்கே எதுவும் சுழலவில்லை. இரண்டு பேட்ஸ்மேன்களும் மாறி மாறி ஆடுகிறார்கள். முறை மாற்றுவதும் ரொட்டேட்தான். ஷிஃப்ட் மாறுவது, பயிர்ச் சுழற்சி எல்லாம் இந்தக் கணக்கு. ஆனால் நம் கடைக்காரர்கள் 'பணம் ரொட்டேஷன்ல இருக்கு' என்கிறார்களே, அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. 'த மனி இஸ் டைட் அப் இன் த பிசினஸ்' என்பதுதான் அதற்குப் பக்கத்தில் வரும். மகளிர் குழுக்களின் சுழல்நிதிக்கு 'ரிவால்விங் ஃபண்ட்' என்பதே ஆங்கிலப் பெயர், அதைத் தைரியமாக எழுதலாம்.

ஒன்றை இன்னொன்றின்மேல் சுற்றும்போது கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். பரிசைத் தாளில் சுற்றி மூடினால் ராப். நூல்கண்டில் நூல் சுற்றினால் வைண்ட். பாயைச் சுருட்டினால் 'ரோல் அப்'. கயிற்றையோ தோட்டத்து ஹோஸையோ வளையம் வளையமாகச் சுற்றி வைத்தால் காயில். இதில் வைண்ட் கொஞ்சம் வம்பு பிடித்தது. எழுத்தில் காற்றும் இதுவும் ஒன்றே, உச்சரிப்பு மட்டும் விண்ட், வைண்ட் என்று பிரியும். அதன் இறந்த காலத்தை எழுதினால் 'காயம்' என்ற சொல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். நூல் சுற்றியதற்கு 'வவுண்ட்', காயத்துக்கு 'ஊண்ட்'.

மீசையை முறுக்குவதும் சிலம்பக் கம்பை விரல்களில் சுழற்றுவதும் ட்விர்ல். புகையும் தண்ணீரும் சுழித்தால் ஸ்வர்ல்.

ஊர் சுற்றுவதற்கு வந்தால் எல்லோரும் 'ரோம்' என்று எழுதுகிறார்கள். அது இலக்கில்லாமல் அலைவது. ஊட்டிக்குப் போய் இடங்களைப் பார்த்தோம் என்றால் 'வீ வென்ட் சைட்சீயிங்'. வேலைவெட்டி இல்லாமல் பையன் தெருமுனையில் சுற்றுகிறான் என்றால் 'ஹேங் அரவுண்ட்'. திருடனைப் போலீஸ் சுற்றி வளைத்தால் சரவுண்ட். அதோடு இன்னொரு 'அரவுண்ட்' சேர்க்கக் கூடாது.

அடுத்த வாரம் அதே மாணவி கோயில் வரியைச் சரியாக எழுதிக்கொண்டு வந்தார். கீழே புதிதாக ஒரு கேள்வியும் இருந்தது: "திருஷ்டி சுற்றிப் போடுவதற்கு என்ன மிஸ்?" ஒரே சொல்லாக எதுவும் கிடைக்கவில்லை. கையில் கற்பூரத்தட்டு, அது குழந்தையின் முகத்துக்கு முன்னால் வட்டமாகப் போகிறது என்று பார்த்தபடியே விவரித்து, 'ஷீ மூவ்ட் த பிளேட் இன் சர்க்கிள்ஸ் இன் ஃப்ரன்ட் ஆஃப் த சைல்ட்' என்று எழுதிக் கொடுத்தேன். திருஷ்டி என்ற சொல்லை அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.