குட்டிக் கிவியைக் காயாகவே பறியுங்கள்
திராட்சை அளவில், மயிரில்லாத தோலோடு காய்க்கும் குளிர்நாட்டுக் கிவி கொடியிலேயே பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். செப்டம்பர் வாக்கில் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையெல்லாம் கறுத்திருந்தால், காய் கல் மாதிரி இருந்தாலும் சரி, மொத்தத்தையும் பறித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வேண்டியபோது ஒரு கைப்பிடி வெளியே எடுத்து வைத்தால் சில நாளில் இளகும். பையில் கூடவே ஒரு ஆப்பிளைப் போட்டால் இன்னும் சீக்கிரம்.

கொடியில் விட்டால் எல்லாம் ஒன்றாகப் பழுக்காது. பழுத்தது உதிரும், மிச்சம் பறவைக்கு. பறித்த பிறகும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக்கொண்டேயிருக்கும் (கொடியில் கனிந்ததற்கு மணம் ஒரு படி கூடத்தான், ஒப்புக்கொள்கிறேன்).

விதை இன்னும் வெள்ளையாக இருந்தால் தொடாதீர்கள்; காய் சுருங்குமே தவிர இனிக்காது. ஏற்கெனவே இளகிய பழம் ஃப்ரிட்ஜிலும் அதிக நாள் தாங்காது.