17 சதவீத ஈரத்தில் தேறிய நெல்லும் கெடும்: களம் முதல் சரக்கு ரயில் வரை தவிர்க்க வேண்டியவை

டெல்டாவில் நெல் கெட்டால் மழையைத்தான் திட்டுவோம். ஆனால் பல மூட்டைகளில் சேதம் நல்ல வெயில் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

கையறுப்புக் காலத்தில் கதிர் அரியரியாக வயலில் கிடந்து ஒரு நாளாவது காயும். இப்போது செயின் வண்டி (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) அறுத்த கையோடு மணியைக் கொட்டிவிடுகிறது. அதில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம். வண்டி கிடைத்ததே பெரிது என்று விடியற்காலைப் பனியோடு வயலில் இறக்கினால் ஈரம் இன்னும் கூடும்.

அடுத்தது, ஈர நெல்லைக் குவித்து நாள் முழுக்கத் தார்ப்பாயால் மூடி வைப்பது. நெல் உயிருள்ள மணி. மூச்சு விடும், குவியல் சூடேறும், பாய்க்கடியில் வியர்க்கும். விளைவு, நிறம் மாறிப் பழுப்பேறிய அரிசியும் முளைத்த நெல்லும். மெல்லிசாகப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள்; இரவுப் பனிக்கு மட்டும் மூடுங்கள். தார்ச்சாலையில் காய வைப்பதைப் பலரும் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். கொதிக்கும் தரையில் வேகமாகக் காய்ந்த மணியில் விரிசல் விழும். ஆலையில் குருணையாக உதிரும். கல்லும் விபத்தும் தனி.

இனி, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் அந்த 17. விவசாயியிடம் அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையத்தில் அதுதான் ஈரப்பத உச்சவரம்பு. 2022 குறுவைக்கு மத்திய அரசு 19 வரை தளர்த்தியது. இவை வாங்குவதற்கான வரம்புகள். வாங்கிய நெல் சீக்கிரம் அரவைக்குப் போய்விடும் என்ற நம்பிக்கையில் நிற்பவை. மாதக்கணக்கில் அடுக்கி வைக்க 14 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆக, கொள்முதலில் தேறிய மூட்டை கிடங்கிலும் தாங்கும் என்று விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. வரம்பைத் தளர்த்தினால் விவசாயிக்கு நல்லதே. ஆனால் அந்த ஈரம் எங்கும் போய்விடுவதில்லை, அடுத்தவர் கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

எடையும் இதில் அடக்கம். 20 சதவீத ஈரத்தில் கட்டிய 40 கிலோ சிப்பம் 17-க்குக் காய்ந்தால் சுமார் 38.5 கிலோதான் நிற்கும். குறைவு வந்ததும் ஆளைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். (போட்ட பிறகும் சந்தேகம் மிஞ்சலாம்.)

திறந்தவெளிக் கிடங்கில் அடியில் கட்டை போடாமல் அட்டி (மூட்டை அடுக்கு) அடுக்கினால் கீழ்வரிசை தரை ஈரத்தை உறிஞ்சும். மழைக்கு மூடிய படுதாவை வெயில் வந்தும் விலக்காமல் விடுவது களத்தில் செய்த அதே தவறு. அந்துப்பூச்சி விழுந்த பழைய சாக்கைப் புது நெல்லுக்குப் பயன்படுத்தவே வேண்டாம்.

உள்ளூர் ஆலைகள் அரைத்து முடியாத நெல், தஞ்சாவூர், நீடாமங்கலம் போன்ற நிலையங்களிலிருந்து வெளிமாவட்ட ஆலைகளுக்குச் சரக்கு ரயிலில் போகிறது. ஒரு ரயிலுக்குச் சுமார் 2,000 டன். குறித்த நேரத்துக்குள் ஏற்றாவிட்டால் ரயில்வே டெமரேஜ் (தாமதக் கட்டணம்) போடும். அந்த அவசரத்தில் லாரி நிற்க வசதியான அட்டியை முதலில் பிரிக்கிறார்கள். முன்னால் வந்த நெல் பின்னால் தங்கிப்போகிறது. எந்த அட்டி முதலில் போகவேண்டும் என்பதை ரயில் வருவதற்கு முந்தைய நாளே குறித்துவிட வேண்டும். பெட்டிக்குள் முந்தைய சரக்கின் உரத் துகளோ சிமென்டோ கிடக்கிறதா, கூரையில் ஓட்டை உண்டா என்பதையும் முதல் மூட்டை ஏறுமுன் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாக அடுக்கியபின் யாரும் இறக்கிப் பார்க்கப்போவதில்லை.