பிரிட்டனுக்குப் படிக்க வருகிறீர்களா? உங்கள் பேங்க் அக்கவுண்ட்டை யாருக்கும் இரவல் தராதீர்கள்

அலுவல் விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், பல்கலைக்கழகமே மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளும். விசா இப்போது அட்டையாக வராது, ஆன்லைன் கணக்கில் இருக்கும் இ-விசாதான்; அந்தக் கணக்கையும் பாஸ்வேர்டையும் ஏஜென்ட் கையில் விட்டுவைக்காதீர்கள். விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறீர்கள், வந்த வாரமே பக்கத்து ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிந்துகொள்ளுங்கள், காய்ச்சல் வந்தபிறகு ஓடாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999, அவசரமில்லாத போலீஸ் விஷயத்துக்கு 101, உடம்புக்கு என்ன செய்வதென்று கேட்க 111. இங்கிலாந்தில் வழக்கமான வாடகைக்கு அட்வான்ஸ் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது, அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தால், திட்டத்தில் சேர்க்கும் இந்தக் கட்டாயம் கிடையாது. எப்படியானாலும் வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

அப்புறம், மகளின் பெட்டியில் அம்மா அக்கறையாக வைத்துவிடும் பெப்பர் ஸ்ப்ரே. அதை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். 1968 துப்பாக்கிச் சட்டப்படி இங்கே அது தடை செய்யப்பட்ட ஆயுதம், கைப்பையில் இருந்தாலே குற்றம். இழுத்தால் வீறிட்டு அலறும் சின்ன அலாரம் கிடைக்கும், அது போதும்.

பழகும் விதத்தில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அறிமுகமான அன்றே சம்பளம், கல்யாணம் பற்றியெல்லாம் கேட்காதீர்கள். பொதுச் சமையலறையில் வேற்று நாட்டுப் பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாம் நாலு பேர் தமிழிலேயே சிரித்துக்கொண்டிருந்தால், தன்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று அது நினைக்கும். தாளிக்கும்போது அலாரம் அடிக்கிறதே என்று புகை உணர்கருவியைப் பிளாஸ்டிக் பை போட்டு மூடுவது எப்போதும் நம் ஆட்கள்தான். தீ விபத்து நடந்தால் மாடியில் தூங்குகிறவன் சாவான், தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. ‘ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெரு’ என்று சுற்றி வளைத்துச் சாதியை மோப்பம் பிடிக்கும் பழக்கத்தை விமான நிலையத்தோடு விட்டுவிட்டு வாருங்கள்.

இப்போது, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

என் நண்பன் ஒருவன், மதுரைப் பையன், பகுதிநேர வேலை தேடிக்கொண்டிருந்தான். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பருவம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், சுயதொழில் கூடவே கூடாது, அதனால் அடுத்தவர் பெயரில் இருக்கும் டெலிவரி ஆப் கணக்கை வாரவாடகைக்கு எடுத்து ஓட்டுவதெல்லாம் நேராகக் கிணற்றில் குதிப்பது. அது அவனுக்கும் தெரியும், செய்யவில்லை. ஆனால் ரூம் தேடும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஓர் ‘அண்ணன்’ பழக்கமானார். நீங்க மதுரையா தம்பி, நானும் அந்தப் பக்கம்தான் என்று ஆரம்பித்து, பழைய சைக்கிள் ஒன்றும் வாங்கித் தந்தார். சில வாரம் கழித்து, ‘என் அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிருச்சு, உன் கணக்குக்கு இரண்டாயிரம் பவுண்டு வரும், நூறை நீ வச்சுக்கிட்டு மிச்சத்தை நான் சொல்ற நம்பருக்கு அனுப்பிரு’ என்றார். சைக்கிள் வாங்கித் தந்த மனுஷனிடம் எப்படி ஏன் எதற்கு என்று கேட்பது? அனுப்பிவிட்டான்.

அந்த இரண்டாயிரம், இல்லவே இல்லாத ஒரு வீட்டுக்கு யாரோ ஒரு பெண் ஏமாந்து கட்டிய அட்வான்ஸ். அவர் தன் வங்கியில் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் முதலில் நின்றது இவன் பெயர்தான். கணக்கு முடங்கியது, பிறகு மூடப்பட்டது, சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறியது. அந்தக் குறி ஆறு ஆண்டு வரை நிற்கும். அடுத்தடுத்த வங்கிகள் கணக்குத் திறக்க மறுத்தன, சம்பளம் போட இடமில்லை, போன் ஒப்பந்தம்கூட கிடைக்கவில்லை. வழக்கு வராதது அவன் அதிர்ஷ்டம். குற்றத்தில் வந்த பணத்தைக் கைமாற்றிவிடும் ‘மணி லாண்டரிங்’ குற்றத்துக்கு இங்கே உச்ச தண்டனை 14 ஆண்டு சிறை. அண்ணனின் நம்பர் மறுநாளே உயிரோடு இல்லை.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், வந்த புதிதில் நாமெல்லாம் இருட்டுத் தெருவையும் குடிகாரனையும் பார்த்துத்தான் பயப்படுகிறோம். இவனிடம் வந்தவன் நல்ல தமிழ் பேசினான், சாப்பிட்டாயா என்று கேட்டான். பெரியவர்களைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டது. இங்கே நேருக்கு நேர் ‘முடியாது’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம்கூடச் சொல்ல வேண்டாம். நம் ஆளிடம் சொல்லத்தான் நாக்கு வராது. வரவில்லையென்றால் பொய் சொல்லுங்கள், ‘அப்பா பெயரும் சேர்ந்த கணக்கு அண்ணா’ என்று ஒன்று போதும்.

தெரியாத பணம் கணக்கில் விழுந்தால் செலவழிக்காதீர்கள், தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று யாராவது கெஞ்சினாலும் நீங்களே திருப்பி அனுப்பாதீர்கள். வங்கியிடம் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 159ஐ அழைத்தால் பெரும்பாலான பெரிய வங்கிகளுக்கு இணைப்புக் கிடைக்கும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள், கையிலிருக்கும் ஒரே சாட்சி அதுதான். உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று சிஃபாஸிடம் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். குறி போட்ட வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் (ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன்) போகலாம், அதற்கும் கட்டணம் இல்லை. மாணவர் சங்க ஆலோசனைப் பிரிவில் கடிதம் எழுத உதவுவார்கள். நண்பன் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறான்.

படிப்பு முடித்து ஊர் திரும்புகிறவர்களையும் இந்தக் கூட்டம் தேடி வரும். இனி உங்களுக்கு எதற்கு இந்த கார்டு, கொடுத்துவிட்டுப் போங்கள், காசு தருகிறோம் என்பார்கள். கடைசிச் சம்பளமும் அட்வான்ஸும் வந்து சேர்ந்ததும் கணக்கை முறைப்படி மூடிவிட்டு விமானம் ஏறுங்கள்.