குடியிருப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கபடி டீம் தொடங்குவது எப்படி?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்திய மகளிர் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா எங்கள் கண்ணகி நகர்ப் பிள்ளை. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றிய மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய சென்னைப் பகுதி இது. கண்ணகி நகர் என்ற முகவரியைப் பார்த்ததும் எங்களுக்கு வேலை தர யோசித்தவர்கள் உண்டு. அன்று டிவியில் அதே ஊர்ப் பேரைப் பெருமையாகச் சொன்னார்கள். இப்போது மற்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து, "அக்கா, நாங்க எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவளாக, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அடுத்த கார்த்திகா யார் என்று தேடாதீர்கள். நன்றாக ஆடும் ஏழு பேரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை அனுப்பினால், கோப்பை வரலாம். தெருவுக்கு ஒன்றும் மிஞ்சாது. வருகிற எல்லாப் பிள்ளையையும் சேருங்கள்.

இடம் 12க்கு 8 மீட்டர் இருந்தால் போதும். முதலில் கண்ணாடிச் சில்லு, ஆணி எல்லாம் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து அடக்குங்கள். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். ஆளைப் பிடித்து மடக்கும்போது முகம் தரையில் உரசும், கண் எரிந்துபோகும். கோலமாவு எடுங்கள், அதை அம்மாக்கள் கையில் கொடுங்கள். நடுக்கோடும் போனஸ் கோடும் அவ்வளவு நேராக வரும்! கோடு போட்டவர்கள் ஓரமாக உட்கார்ந்து ஆட்டமும் பார்ப்பார்கள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது" என்றவரே, "என் பொண்ணு காலைப் புடிச்சா விடமாட்டா" என்று பக்கத்தில் சொல்லத் தொடங்குவார். நான் வீடு வீடாகப் போய்ப் பேசுவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

டீம் பிரிக்கும்போது பிளாக் வாரியாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு ஆற்றங்கரையிலிருந்தும் பெயர்த்துக்கொண்டுவந்து கொட்டப்பட்ட ஜனம் நாங்கள். பக்கத்து பிளாக்கே அந்நியம். ஒரே டீமில் கலந்து ஆடினால்தான் வீடுகள் பழகும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் ஆளுக்கு ஐந்தாறு சின்னப் பிள்ளைகளை ஒப்படையுங்கள். இருட்டியதும் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு நாள் ஒருத்தி வரவில்லை என்றால், மூன்றாம் நாள் வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை நிறுத்தியதும், கல்யாணப் பேச்சு எடுத்ததும் இப்படித்தான் முதலில் தெரியவரும். முதலில் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் உறுதியாகிறது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள், தயங்காதீர்கள்.

ஷூ, ஜெர்சியெல்லாம் மெதுவாக வரட்டும்.

காகித வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழில் பேர் சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிப் பதிவில் வேறு இனிஷியல் என்று பல பிள்ளைகளுக்கு இருக்கும். சேரும் வாரத்திலேயே பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள். போட்டி அறிவித்த பிறகு ஓடினால், திருத்திய காகிதம் நேரத்துக்குக் கைக்கு வராது.